இராமானுஜனும் இரண்டு சமன்பாடுகளும்

காவிரிக் கரையில் அமைந்த ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் சீனிவாச இராமானுஜன் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள். கும்பகோணத்துச் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறு வீட்டில் இராமானுஜன் வளர்ந்தார். செல்வம் நிறைந்த குடும்பம் அன்று. எழுதிப் பழகத் தாள் வாங்குவதும் அவ்வீட்டிற்குப் பெருஞ்செலவாகவே இருந்தது.

1897இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில் நிகழ்ந்த ஒரு செய்தியை அவர் வரலாற்றை எழுதியோர் விரும்பிக் கூறுவர். மேல் வகுப்பு மாணவர் ஒருவர், இராமானுஜனுடைய கணக்குத் திறமையைச் சோதிக்க எண்ணி, தம் வகுப்பினருக்கே கடினமான ஒரு கணக்கை அவரிடம் கொடுத்தார். அதில் இரண்டு சமன்பாடுகள் இருந்தன. எக்ஸ் என்னும் எண்ணின் வர்க்கமூலத்தோடு ஒய் என்னும் எண்ணைக் கூட்டினால் 7. எக்ஸோடு ஒய்யின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அவ்வெண்கள் யாவை என்பது வினா.

√எக்ஸ் + ஒய் = 7
எக்ஸ் + √ஒய் = 11

இராமானுஜன் அரை நிமிடத்திற்குள் விடை கூறிவிட்டார். எக்ஸ் 9, ஒய் 4. ஒன்பதின் வர்க்கமூலம் 3. அதனோடு 4 சேர 7. நான்கின் வர்க்கமூலம் 2. ஒன்பதோடு அது சேர 11. விடை சரியே. கேட்ட மாணவர் வியந்து நின்றார். அன்று முதல் அவருடைய நண்பரும் ஆனார்.

விடை சரியா என்று பார்ப்பது எளிது. அவ்விடையை அடைவது எவ்வாறு என்பதுதான் கடினம். அரை நிமிடத்தில் காணும் ஆற்றல் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், இன்று புத்தூரிலோ திருப்பதியிலோ பள்ளியில் பயிலும் ஒரு மாணவர், ஒரு கட்டத்தாளும் எழுதுகோலும் கொண்டு அதே இடத்திற்குப் பொறுமையாக நடந்து சென்று சேரலாம். வரைபடம் என்பது அந்த நடைபாதையே.

புத்தூர் இரயில் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டிற்கு வழி கேட்டால், கிழக்கே இத்தனை அடி, பின்னர் வடக்கே இத்தனை அடி என்று இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். அந்த இரண்டு எண்களும் ஓர் இடத்தை ஐயமின்றிக் குறிக்கின்றன. பிரெஞ்சு நாட்டு அறிஞர் டேக்கார்ட் 1637இல் வெளியிட்ட நூல், இவ்வெண்ணத்தைக் கணிதத்தில் வேரூன்றச் செய்தது. தாளில் படுக்கையாக ஒரு கோடு. அது எக்ஸ் அச்சு. நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு; அது ஒய் அச்சு. எக்ஸ் எத்தனையோ அத்தனை கட்டம் வலப்புறமும், ஒய் எத்தனையோ அத்தனை கட்டம் மேல்நோக்கியும் சென்றால் ஒரு புள்ளி கிடைக்கும்.

இனிச் சமன்பாட்டிற்கு வருவோம். புள்ளிகளைக் குறிக்கும் முன் ஒய்யைத் தனித்து நிறுத்துதல் வேண்டும். முதற் சமன்பாட்டில் எக்ஸின் வர்க்கமூலத்தை மறுபக்கம் கொண்டு சென்றால், ஒய் = 7 − √எக்ஸ் என ஆகும். இப்போது எக்ஸுக்கு ஏதேனும் ஒரு மதிப்பைக் கொடுத்தால் ஒய் தானே வந்துவிடும். சுழியத்திற்குக் குறையாத எம்மதிப்பையும் கொடுக்கலாம், ஆயினும் வர்க்கமூலம் முழு எண்ணாக வரும் மதிப்புகளைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை. எக்ஸ் 0 எனில் ஒய் 7. எக்ஸ் 1 எனில் ஒய் 6. எக்ஸ் 4 எனில் ஒய் 5. எக்ஸ் 9 எனில் ஒய் 4. எக்ஸ் 16 எனில் ஒய் 3. இவ்வைந்து புள்ளிகளையும் இணைத்தால், முதலில் சற்று விரைந்தும் பின்னர் மெல்ல மெல்லவும் தாழ்ந்து செல்லும் ஒரு வளைகோடு தோன்றும்.

இரண்டாம் சமன்பாட்டில் ஒய் வர்க்கமூலக் குறிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எக்ஸை மறுபக்கம் அனுப்பினால் √ஒய் = 11 − எக்ஸ். இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்தினால் ஒய் விடுபட்டு வெளிவரும்: ஒய் = (11 − எக்ஸ்)². எக்ஸ் 11 எனில் ஒய் 0. 10 எனில் 1. 9 எனில் 4. 8 எனில் 9. 7 எனில் 16. இக்கோடு மலைச்சரிவு போல இடப்புறத்திலிருந்து செங்குத்தாக இறங்கி வருகிறது. மெல்லத் தாழும் முதற் கோட்டை அது ஓரிடத்தில் வெட்டுகிறது. வலப்புறம் 9, மேலே 4. இளைய இராமானுஜன் கூறிய விடை அந்தப் புள்ளியே.

இங்கு ஒரு கண்ணி உள்ளது. ஆராயாதவர் அதில் விழுவர். எக்ஸுக்கு 12, 13 ஆகிய மதிப்புகளைக் கொடுத்தால் இரண்டாம் கோட்டில் ஒய் முறையே 1, 4 என மீண்டும் மேலேறும். அவ்வாறு ஏறுகையில், 12க்கும் 13க்கும் இடையே அது முதற் கோட்டை மற்றுமொரு முறை வெட்டும். அதுவும் விடையாகுமா? ஆகாது. வர்க்கமூலக் குறி சுழியத்தையோ மிகை எண்ணையோதான் குறிக்கும். எக்ஸ் 11ஐ விட மிகுந்தால் 11 − எக்ஸ் என்பது குறை எண்ணாகிவிடும். அது √ஒய்க்குச் சமமாக இருத்தல் இயலாது. நாம் வர்க்கப்படுத்தியபோது, குறை எண்ணின் குறி மறைந்து, இல்லாத விடை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. ஆகவே இரண்டாம் கோட்டை எக்ஸ் 11 ஆகும் இடத்தோடு நிறுத்திவிடல் வேண்டும். வரைபடத்தில் கிடைத்த புள்ளியை, தொடங்கிய சமன்பாட்டில் மீண்டும் இட்டுப் பார்க்கும் பழக்கம் இதனாலேயே தேவையாகிறது.

வரைபடம் இல்லாமல் இக்கணக்கைச் செய்ய முயன்றால் நான்காம் படிச் சமன்பாடு ஒன்று எதிர்ப்படும். இராமானுஜனுக்கு அத்தகைய சமன்பாடுகள் விளையாட்டுப் பொருள்கள். மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை 1902இல் பிறர் காட்டக் கற்றார். நான்காம் படிக்கு உரிய முறையைத் தாமே கண்டுகொண்டார். அடுத்து ஐந்தாம் படியையும் அவ்வாறே தீர்க்க முயன்று தோற்றார். ஐந்தாம் படிச் சமன்பாடுகள் அனைத்திற்கும் பொருந்தும்படி மூலக்குறிகளால் ஒரு சூத்திரம் எழுத இயலாது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவியிருந்தனர். கும்பகோணத்துச் சிறுவருக்கு அச்செய்தி எட்டவில்லை. சூத்திரம் கைவிடும் அத்தகைய இடத்திலும் வரைபடம் கைவிடுவதில்லை. கோடு அச்சைக் கடக்கும் இடத்தைப் புள்ளிகள் காட்டிவிடும்.

1903இல் கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித உண்மைகள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றுக்குரிய நிறுவல்களோ மிகச் சுருக்கமாகவே இருந்தன. அந்நூல் அவருக்கு ஆசிரியராயிற்று. முடிவை எழுதி, வழியை எழுதாமல் விடும் பழக்கமும் அந்நூலோடு சேர்ந்தே வந்தது எனலாம். தாள் கிடைப்பது அரிதாகையால் அவர் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டுமே ஏட்டில் பதிந்து வந்தார்.

கணிதத்தில் அவர் கொண்ட பற்று ஏனைய பாடங்களை விழுங்கிவிட்டது. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறியமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். மனம் உடைந்து, 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் இரயிலேறி விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். பெற்றோர் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்துத் தேடும் நிலை வந்தது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதத்தில் சிறந்து, உடலியல் முதலிய பிற பாடங்களில் தோற்றார். பட்டம் கிட்டவில்லை. பட்டம் இல்லாதவருக்கு வேலையும் இல்லை. 1909இல் ஜானகியம்மாளுடன் திருமணம் நடந்தது. பொருளீட்ட வேண்டிய கட்டாயம் மிகுந்தது. கையில் இருந்தவையோ கணித ஏடுகள் மட்டுமே.

அந்த ஏடுகளைப் படித்தறியக் கூடியவர் எவரேனும் உளரா எனத் தேடுவதே அடுத்த சில ஆண்டுகளில் அவர் வாழ்க்கையாயிற்று. இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள ஊர்கள் சில அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. அனந்தபூர் மாவட்டத்துக் குத்தி என்னும் ஊரில் துணை ஆட்சியராய் இருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் கணித அன்பர்களை ஒன்றுசேர்த்து ஒரு கழகத்தைத் தொடங்கியிருந்தார். அதுவே இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. 1910இல் அவர் திருக்கோவிலூரில் பணியாற்றியபோது இராமானுஜன் சென்று, தம் ஏடுகளைக் காட்டி, ஓர் எழுத்தர் வேலை வேண்டினார். ஏடுகளைப் புரட்டிய ஐயர், இத்தகைய அறிவைச் சிற்றூர் அலுவலகத்தில் அடைப்பது தகாது எனக் கருதி, சென்னையில் இருந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். வேலை கேட்டு வந்தவரை வேலை கொடாமல் அனுப்பிய அச்செயலே அவருக்குச் செய்த பேருதவியாயிற்று.

அக்கடிதங்கள் வழியே அவர் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவை அடைந்தார். முதலில் ராவுக்கு ஐயமே மிகுந்திருந்தது. எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இராமானுஜன் விளக்கிய பின்னரே ஐயம் நீங்கியது. திங்கள்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து கொடுத்து, கவலையின்றிக் கணிதம் செய்யுமாறு அனுப்பினார். 1911இல் இராமானுஜனின் முதற்கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பிறர் பொருளில் வாழ மனமின்றி, 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இராமானுஜன் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பல பக்கங்களில் கணித முடிவுகள் அணிவகுத்திருந்தன, நிறுவல்கள் இல்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் மிக உயர்ந்த கணித அறிஞர் என முடிவு செய்தார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னையை நீங்கினார்.

கேம்பிரிட்ஜில் இருவேறு இயல்புகள் சந்தித்தன. முடிவைக் கண்டவுடன் அதுவே போதும் என்பது இராமானுஜன் இயல்பு. ஒவ்வொரு படியையும் பிறர் காணக் கட்டிக் காட்டினாலன்றி முடிவு முடிவாகாது என்பது ஹார்டியின் கொள்கை. பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதிய முடிவுகள் சில ஆராய்ச்சியில் பிழைபட்டன. ஆகவே ஹார்டியின் கண்டிப்பு வீணன்று. எனினும் கண்டிப்பு மிகுந்தால் அவருடைய ஊற்று வற்றிவிடுமோ என்றும் ஹார்டி அஞ்சினார். ஒருவரையொருவர் அனுசரித்து இருவரும் செய்த ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றன. 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது. கல்லூரித் தேர்வில் இருமுறை வீழ்ந்தவர், 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரும் திரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினரும் ஆனார்.

ஆனால் உடல் இடம் கொடுக்கவில்லை. குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், மரக்கறி உணவு மட்டுமே கொள்ளும் நோன்பும் சேர்ந்து அவரை வருத்தின. 1917 முதல் மருத்துவமனைகளிலேயே நெடுநாள் கழிந்தது. பட்னி என்னும் இடத்தில் அவர் நோயுற்றிருந்தபோது, பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றியது என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 1இன் கனம் 1, 12இன் கனம் 1728; கூட்டினால் 1729. 9இன் கனம் 729, 10இன் கனம் 1000. கூட்டினால் அதுவும் 1729.

இதனையும் கட்டத்தாளில் காணலாம். எக்ஸின் கனமும் ஒய்யின் கனமும் சேர்ந்து 1729 என்பது சமன்பாடு. ஒய்யைத் தனித்து நிறுத்தினால், 1729இலிருந்து எக்ஸின் கனத்தைக் கழித்துக் கனமூலம் காண வேண்டும். எக்ஸ் 0 எனில் ஒய் 12ஐச் சற்றே கடந்து நிற்கும். எக்ஸ் 6 ஆகும்போதும் ஒய் ஏறத்தாழ 11.5, கோடு பெரிதும் தாழவில்லை. அதன்பின் விரைந்து வளைந்து கீழிறங்குகிறது. எண்ணற்ற புள்ளிகள் அவ்வளைகோட்டில் உள்ளன. ஆயினும் இரண்டு அளவுகளும் முழு எண்களாக, கட்டங்களின் மூலையில் சரியாகப் பொருந்தும் புள்ளிகள் நான்கே: (1, 12), (9, 10), (10, 9), (12, 1). நோய்ப்படுக்கையில் கிடந்தவர் ஓர் எண்ணைக் கேட்ட அளவில் கூறியது இந்த நான்கு மூலைகளையே.

1919ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். அங்கிருந்து சென்னைக்கு இரயில் பயணம். பம்பாயையும் சென்னையையும் இணைக்கும் அந்த இருப்புப்பாதை இராய்ச்சூர், குந்தக்கல் கடந்து, கணிதக் கழகம் பிறந்த குத்தியைத் தொட்டு, கடப்பை, ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் வழியாகச் சென்னையை அடைகிறது. இன்று புத்தூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போர் காணும் தண்டவாளப் பாதை அதுவே. மெலிந்த உடலோடு ஏப்ரல் 2ஆம் நாள் அவர் சென்னை சேர்ந்தார்.

ஓய்வுக்காகக் கொடுமுடி, கும்பகோணம் எனப் பல ஊர்களில் தங்கினார். நோய் தணியவில்லை, கணிதமும் நிற்கவில்லை. 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் முற்றிலும் புதிய சில சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 32.

வழியை எழுதாமல் முடிவுகளை மட்டும் பதிந்த ஏடுகள் எஞ்சின. அவர் வாழ்வின் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. முந்தைய ஏடுகளில் உள்ள ஒவ்வொரு முடிவுக்கும் வழி காணும் பணியை அதே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் பெர்ண்ட் மேற்கொண்டார். 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. கற்பலகையில் முழங்கையால் அழித்த படிகளை மீண்டும் எழுத அறிஞர் பலருக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன.

பயிற்சி

1. இராமசாமி ஐயர் இராமானுஜனுக்கு எழுத்தர் வேலை கொடாமைக்குக் காரணம் யாது? அது பேருதவி எனப்படுவது ஏன்?

2. √எக்ஸ் + ஒய் = 5, எக்ஸ் + √ஒய் = 7 ஆகிய சமன்பாடுகளில் ஒய்யைத் தனித்து நிறுத்துக. ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளிகளைக் குறித்து வளைகோடுகளை வரைந்து, அவை வெட்டும் புள்ளியைக் காண்க. இரண்டாம் கோட்டை எவ்விடத்தில் நிறுத்த வேண்டும்?

3. 1729க்கு உரிய வளைகோட்டைக் கட்டத்தாளில் வரைக. அதே தாளில் எக்ஸ் + ஒய் = 13, எக்ஸ் + ஒய் = 19 ஆகிய நேர்கோடுகளையும் வரைக. அவை வளைகோட்டை எப்புள்ளிகளில் சந்திக்கின்றன?